ஆசிரியருக்குச் சான்றிதழ் உண்டு. பிள்ளைக்குப் படிப்பு உண்டா?

2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பு, நாடெங்கும் உள்ள பள்ளி ஆசிரியர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தேறிக் காட்ட வேண்டும், தவறினால் வேலையை விட வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பெரிய பெஞ்சின் முடிவுக்கு விடப்பட்டது.

இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை முன் நின்றவரைப் போய்ப் பரீட்சை எழுதச் சொல்வதா என்று ஆசிரியர் சங்கங்கள் குமுறின. பிள்ளைக்குப் பரீட்சை உண்டென்றால் வாத்தியாருக்கும் இருக்கட்டுமே என்று பெற்றோரில் ஒரு சாரார் திருப்தி அடைந்தனர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற பெரிய கேள்வியை யாரும் அதிகம் கேட்கவில்லை. ஆசிரியர் கையில் சான்றிதழ் இருந்துவிட்டால், வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்து வந்துவிடுமா?

கொல்லங்கோட்டுப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் தர்க்கம் அல்ல. முதலமடையின் மாந்தோப்புகளிலும், செங்கல் சூளைகளிலும், அரிசி மில்களிலும், கடைகளிலும் வேலை செய்கிற தகப்பனும் தாயும் பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்புகிறார்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க நேரமும் இல்லை. பார்த்தாலும் சரியா தவறா என்று சொல்லத் தெரியாதவர்களே பலர். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் இதே கதைதான். வசதியுள்ளவன் பிள்ளைக்குப் பள்ளி சரியில்லாவிட்டால் டியூஷன் உண்டு. வேறு பள்ளி உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு வாத்தியார். அவர் சரியாக இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மாற்று வழியே கிடையாது.

எல்லைக்கோடு தந்த சிக்கல்

கொல்லங்கோடு 1956 வரை சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பக்கத்துச் சித்தூர் பகுதி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இவை யாவும் கேரளத்துக்குள் வந்தன. கோடு போட்டவர்கள் வரைபடத்தில் போட்டார்கள். வீட்டில் பேசுகிற மொழி கோட்டோடு நிற்கவில்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரைப்பதி, முதலமடை என்று எல்லையோரம் முழுவதும் தமிழ் பேசுகிற குடும்பங்கள் கேரளக் குடிமக்களாக வாழ்கின்றன. தமிழும் கன்னடமும் கேரளத்தில் மொழிச் சிறுபான்மை மொழிகள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை.

இப்படிப்பட்ட மக்களை மனத்தில் கொண்டுதான், அதே 1956ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியிலேயே தர ஒவ்வொரு மாநிலமும் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. அதற்கும் முன்பே, 1949இல் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒரு கணக்கு வகுத்தது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ, பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்பதே அக்கணக்கு. ஆக, இப்பகுதிக் குழந்தைக்கு வேண்டிய ஆசிரியரின் முதல் இலக்கணத்தை நாடு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது. அவர் பிள்ளையின் மொழி அறிந்தவராக இருக்க வேண்டும்.

சான்றிதழ் ஏன் வந்தது?

சான்றிதழையே தேவையற்றது என்று ஒதுக்குவது தவறு. அது வந்ததற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கியது. உரிமை என்று வந்தபின், யார் வேண்டுமானாலும் வகுப்பில் நின்று பாடம் சொல்லலாம் என்று விட முடியாது. ஆகவே 2010 ஆகஸ்ட் 23ஆம் தேதி தேசிய ஆசிரியர் கல்விக் குழு குறைந்தபட்சத் தகுதியை அறிவித்தது. பயிற்சிப் பட்டயம் அல்லது பட்டத்துடன் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். 150 கேள்விகள், நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி, பின்தங்கிய பிரிவினருக்குச் சலுகை தர மாநிலங்களுக்கு இடம் உண்டு. கேரளத்தில் இது கே-டெட் என்ற பெயரில் 2012 முதல் நடந்து வருகிறது.

கேரளத்தில் இந்தத் தேர்வுக்குத் தனியான ஓர் அவசியமும் உண்டு. இங்கே அரசுப் பள்ளிகளைவிட எயிடட் பள்ளிகளே எண்ணிக்கையில் அதிகம். 1957இல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா பெரும் போராட்டங்களைச் சந்தித்துச் சட்டமான பிறகு, இப்பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு நேராகத் தருகிறது. ஆனால் நியமனம் செய்கிற அதிகாரம் பள்ளி மானேஜரிடம் இருக்கிறது. சம்பளம் சர்க்கார் பணம். நியமனம் தனியார் கை. இடையே ஒரு தகுதித் தேர்வும் இல்லாவிட்டால், பணமும் உறவும் பேசுகிற இடத்தில் ஏழைப் பிள்ளைக்காகப் பேச ஒரு காகிதம்கூட இராது. அந்த அளவில் சான்றிதழ் ஒரு காவல். வாசலில் காவல் இருக்கட்டும். அதில் தகராறு இல்லை.

தேர்வு எதை அளக்கிறது?

தகராறு அடுத்த படியில் வருகிறது. வாசலில் காவல் வைத்துவிட்டதால் வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைப்பதுதான் தவறு.

தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. 2012 ஜூலையில் அங்கே முதல் தகுதித் தேர்வு நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லை. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தமிழ்நாட்டு வாத்தியார்களின் லட்சணம் இதுதானா என்று பலரும் கேலி பேசினார்கள். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் போதாது என்று எழுந்த குறையை ஏற்று, தவறியவர்களுக்கு அக்டோபரில் மறுதேர்வு வைக்கப்பட்டது. இம்முறை மூன்று மணி நேரம். சுமார் 19 ஆயிரம் பேர் தேறினார்கள். பிறகு 2014இல் பல பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 60 சதவிகிதத்திலிருந்து 55 ஆகக் குறைக்கப்பட்டது. மேலும் பல ஆயிரம் பேர் தகுதி பெற்றனர்.

மூன்று மாதத்தில் அந்த ஆசிரியர்களின் திறமை ஏழெட்டு மடங்கு பெருகிவிட்டதா? ஒரு அரசாணையால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் நல்ல ஆசிரியர்களாக மாறிவிட்டார்களா? மாறியது கடிகாரமும் மதிப்பெண்ணும் மட்டுமே. நேரத்தைக் கூட்டினால் கூடுவதும், கோட்டைத் தாழ்த்தினால் பெருகுவதுமான ஒன்றை ஆசிரியரின் தரம் என்று சொல்ல முடியாது. அது ஒரு பரீட்சையின் தேர்ச்சி விகிதம். பாடப் பொருளும் குழந்தை மன இயலும் ஏட்டளவில் தெரியுமா என்பதை அது ஓரளவு அளக்கிறது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அவர் கண்டுகொள்வாரா என்பதை அளக்க, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையால் முடியாது.

பரீட்சையைச் சுற்றி முளைக்கும் வியாபாரமும் சிறிதல்ல. 2021 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகித் தகுதித் தேர்வு ரத்தானது. அதே ஆண்டு ராஜஸ்தானில் நடந்த தேர்வின் ஒரு பகுதியும் இதே காரணத்தால் அடுத்த ஆண்டு ரத்து செய்யப்பட்டது. தேர்வுக்கு முந்திய பயிற்சியின் நிலையும் கவலைக்குரியது. நாட்டில் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை உருப்படியாகப் பயிற்சி தராமல் பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்பது, 2012இல் அறிக்கை தந்த ஜஸ்டிஸ் வர்மா கமிஷனின் முடிவு. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையே இதை எடுத்துக் கூறுகிறது. இதை யாரும் வதந்தி என்று தள்ள முடியாது.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கிராமத்து அரசுப் பள்ளிகளில் 100ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர் நியமிக்கப்பட்டார். இவர்களில் பெரும்பாலோர் முறையான பயிற்சி பெறாதவர்கள். சம்பளம் நிரந்தர ஆசிரியர் பெறுவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, அப்பள்ளிப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தனர். பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியர்களுக்கு இவர்கள் எவ்விதத்திலும் குறைந்தவர்களாக இல்லை. நிரந்தர ஆசிரியர்கள் நூற்றுக்கு 27 நாள் பள்ளியில் காணப்படவில்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் 18 நாள்தான். இவர்கள் அந்த ஊரிலோ பக்கத்திலோ குடியிருந்தவர்கள்.

இதிலிருந்து, சம்பளத்தைக் குறைத்துப் பயிற்சியில்லாதவர்களைப் போட்டால் போதும் என்று முடிவு கட்டுவது அநியாயம். உழைப்புக்கேற்ற கூலி கேட்கும் தொழிலாளி எவரும் அந்த முடிவை ஏற்க மாட்டார். கிடைக்கிற பாடம் வேறு. ஊருக்குப் பக்கத்தில் வாழ்கிறவர், பிள்ளையை அறிந்தவர், நாள் தவறாமல் வருகிறவர் தருகிற பயனைச் சான்றிதழ் மட்டும் தந்துவிடாது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 2008இல் மூன்று அறிஞர்கள் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே. சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கும் பெறாதவருக்கும் சராசரியில் வேறுபாடு அற்பம். ஒரே சான்றிதழ் பெற்றவர்களுக்குள்ளே நல்லவருக்கும் மோசமானவருக்கும் வேறுபாடு மலையளவு. முதல் இரண்டாண்டு வகுப்பில் அவர் எப்படிக் கற்பித்தார் என்பதுதான் பின்னால் எப்படி இருப்பார் என்பதற்குச் சரியான அடையாளம் என்று அவர்கள் கண்டார்கள்.

பின்லாந்தை உதாரணம் காட்டிச் சான்றிதழுக்கு வாதாடுவோர் உண்டு. அங்கே 1979 முதல் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் முதுநிலைப் பட்டம் வேண்டும். உண்மைதான். ஆனால் அங்கே அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஐந்தாண்டுப் படிப்பும், பல்கலைக்கழகத்தோடு இணைந்த பயிற்சிப் பள்ளியில் அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பாடம் நடத்திய பழக்கமும் இருக்கின்றன. காகிதத்தைத் தாங்கி நிற்கும் உழைப்பு அங்கே உண்டு. அந்த உழைப்பை விட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் என்ன லாபம்?

எந்த மொழியில் தகுதி?

மீண்டும் கொல்லங்கோட்டுப் பக்கம் வரலாம். கே-டெட் தேர்வின் தொடக்கப் பள்ளிப் பிரிவில் முதல் மொழியாக மலையாளம், தமிழ், கன்னடம் ஆகியவற்றில் ஒன்றை எடுத்து எழுதலாம். இது நல்ல ஏற்பாடு. ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஆசிரியர் தேறியவரா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எந்த மொழியில் தேறியவர் என்றும் கேட்க வேண்டும். மலையாளத்தில் தேறிய திறமையான ஆசிரியர், மலையாளப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர். அவரே தமிழ் வழி டிவிஷனில் நின்றால், சட்டப்படி தகுதியுள்ளவர், பிள்ளைக்கு அந்நியர். முதல் வகுப்புக் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும் என்றும், வயிறு வலிக்கிறது என்றும் சொல்லத் தெரிய வேண்டும். கேட்பவருக்கு அது புரியவும் வேண்டும். காசர்கோட்டில் கன்னட வழிப் பள்ளிகளில் கன்னடம் அறியாத ஆசிரியர்களை நியமித்ததை எதிர்த்துப் பெற்றோர் போராடியது இதே காரணத்துக்காகத்தான். அந்த ஆசிரியர்களும் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வகுப்புக்குத் தகுதியானவர்களா என்பதே அவர்கள் எழுப்பிய வழக்கு.

இன்னொரு தொல்லை, ஆசிரியர் நிலைத்து நிற்காதது. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளைத் தலையெண்ணி அந்த ஆண்டுக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. பெரிய பள்ளிக்கு ஐந்து பிள்ளை குறைந்தால் நஷ்டமில்லை. தமிழ் வழி டிவிஷன் சிறியது. ஐந்து பிள்ளை குறைந்தாலே ஒரு பதவி போகும். வேலை தேடிக் குடும்பம் இடம் மாறினாலும், உத்தியோகத்துக்கு உதவும் என்று பிள்ளையை மலையாளம் அல்லது இங்கிலீஷ் வழிக்கு மாற்றினாலும், எண்ணிக்கை விழும். பதவி போனபின் தினக்கூலி ஆசிரியர் வருவார். அவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்ற நிச்சயம் இல்லை. பரம்பிக்குளம் போன்ற இடங்களின் நிலை இன்னும் கடினம். அது முதலமடை பஞ்சாயத்தைச் சேர்ந்தது; ஆனால் சாலை வழியாகப் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை வழியே சுற்றிப் போக வேண்டும். அத்தகைய இடத்துக்குச் சான்றிதழ் உள்ள ஒருவரை அனுப்பிவிடலாம். இருக்க வைக்க வேறு ஏற்பாடு வேண்டும். குடியிருக்க வீடும், கஷ்டப் பிரதேசப் படியும், குறிப்பிட்ட காலம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லாமல் அது நடவாது.

மலையாளத்தின் பெருங்கவிஞர்களில் ஒருவரான பி.குஞ்ஞிராமன் நாயர் ஆசிரியராக இருந்த பள்ளி கொல்லங்கோடு ராஜாஸ் ஹைஸ்கூல். அத்தகையவர் வகுப்பில் பிள்ளைகள் பெற்ற செல்வத்தை எந்தத் தேர்வுத்தாளில் திருத்தி மதிப்பெண் போடுவது? எல்லா ஊருக்கும் கவிஞர் கிடைக்க மாட்டார். ஆனால் ஆசிரியரின் மதிப்பு காகிதத்துக்கு வெளியேயும் உண்டு என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது

பழைய ஆசிரியர்கள் விஷயத்தில் நியாயமான வழி, பரீட்சையை மட்டும் நீட்டி, தவறினால் வெளியே போ என்று சொல்வதல்ல. தீர்ப்பின்படி கெடு இரண்டாண்டு. அந்தக் கெடுவுக்குள் விடுமுறைகளில் பயிற்சி வகுப்பு நடத்துவதும், தமிழ் வழி ஆசிரியர்களுக்குத் தமிழிலேயே பாடக் குறிப்புகள் தருவதும் அரசின் கடமை. தமிழ் வழியில் கற்பிக்கத் தெரிந்த பழைய ஆசிரியர் ஒருவரை இழந்தால், அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. அதே சமயம், எத்தனை ஆண்டு சர்வீஸ் என்பதும் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது. சோம்பலாகக் கழித்த இருபது ஆண்டும் சர்வீஸ்தான்.

புதிய நியமனத்தில், தேர்வில் தேறியதோடு, முதல் இரண்டாண்டு வகுப்பறையில் நேரில் பார்த்து மதிப்பிட்ட பிறகே நிரந்தரமாக்குவது என்ற வழக்கம் உண்மையாக நடைபெற வேண்டும். இன்ஸ்பெக்ஷன் என்பது ரிஜிஸ்தர்களைப் பார்த்துக் கையெழுத்திடுவதாக இருக்கக் கூடாது. அதிகாரி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். தமிழ் வழி வகுப்பைப் பார்க்க வருகிறவர் தமிழ் அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

பெற்றோர் பங்கும் குறைவானதல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரே. மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் ஒரு நாள் கூலி போகுமே என்று பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகாதவர்கள் தமிழ்த் தொழிலாளர்களில் அநேகர். அந்தக் கூலி பெரிதுதான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதை இழந்து, மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வரலாம். பிள்ளையின் வகுப்புக்கு வருகிற ஆசிரியருக்குத் தமிழ் தெரியுமா? இந்த ஆண்டு அவர் எத்தனை நாள் வந்தார்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்?

மூன்றாவது கேள்வியே தலையானது. 2024ஆம் ஆண்டு அசர் ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 23 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள். தகுதித் தேர்வு வந்து பதினான்கு ஆண்டு கழித்து எடுத்த கணக்கு இது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தச் சோதனையைத் தன் வீட்டிலேயே செய்யலாம். பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசி என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டாலே போதும். பிள்ளை வாசிக்கிறதா, விழிக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

தகுதித் தேர்வு இருக்கட்டும். கண்டிப்பாகவும் நேர்மையாகவும் நடக்கட்டும். ஆனால் அதை நடத்தி முடித்ததோடு கடமை தீர்ந்தது என்று அரசு கையைக் கழுவிவிட அனுமதிக்கலாகாது. சான்றிதழ் ஆசிரியருக்கு வேலை தருகிறது. எல்லையோரத் தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பைத் தர, தினமும் வருகிற, பிள்ளையின் மொழி அறிந்த, அந்தப் பள்ளியிலேயே நிலைத்து நிற்கிற ஓர் ஆசிரியர் வேண்டும். அப்படிப்பட்டவரை நியமிக்கவும் நிலைக்க வைக்கவும் வேண்டும் என்பதே கேரள அரசிடம் தமிழ்ப் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை.